சரணாலயம்: சொல் விளக்கம்

கட்டுக்கரைக்குளம், கொக்கிளாய், வங்காலை என்னும் பெயர்களோடு இலங்கையின் வடக்கே வன்னியில் சேர்த்தே வழங்கப்படும் சொல் சரணாலயம். அதே சொல்லைத்தான் நம் செய்தித்தாள்கள் பின்னவலைக்கும் எழுதுகின்றன. கொக்கிளாய் 1951 இல் சட்டப்படி அறிவிக்கப்பட்ட, பறவைகள் தம் விருப்பப்படி வந்து போகும் களப்பு. பின்னவலையோ தாயிழந்த யானைக் குட்டிகளுக்காக 1975 இல் தொடங்கப்பட்டு, பின்னர் விலங்கியல் பூங்காக்களுக்குப் பொறுப்பான திணைக்களத்தின் கீழ் வந்து, நுழைவுச்சீட்டு வாங்கியோர் யானைகள் ஆற்றில் குளிப்பதைப் பார்த்து மகிழும் இடம். இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்குவதால், காட்டில் வாழும் விலங்குக்கும் காட்சிக்கு நிற்கும் விலங்குக்கும் உள்ள வேறுபாடு வாசகர் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

சரணம், ஆலயம் என்னும் இரு வடசொற்களின் சேர்க்கையே சரணாலயம். சரணம் என்றால் காப்பு, தஞ்சம். ஆலயம் என்பதற்குத் தங்குமிடம், உறைவிடம் என்பதே முதற்பொருள். பனி உறையும் மலை இமாலயம் ஆனது அப்பொருளில்தான். தமிழில் அச்சொல் கோயில் என்ற அளவில் சுருங்கிவிட்டது. சரணாலயத்துக்கு நேரான 'sanctuary' என்னும் ஆங்கிலச் சொல்லும் 'புனிதமானது' என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்ததே. இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயத்துக்குள் ஓடிப் புகுந்தவனை அங்கே வைத்துப் பிடிக்கக்கூடாது என்றிருந்த வழக்கமே பிற்காலத்தில் விலங்குகளுக்கும் விரிந்தது. வன்னியில் இதை விளங்கப்படுத்தத் தூரப் போக வேண்டியதில்லை. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் தஞ்சமடைந்த மடுத் தேவாலயத்தைச் சூழ்ந்த காட்டின் ஒரு பகுதி 1968 இலேயே விலங்குகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது; 2015 இல் அது தேசிய பூங்காவாயிற்று.

சட்டத்தில் இச்சொல்லுக்குத் திட்டமான எல்லை உண்டு. 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தேசிய பூங்கா முழுவதும் அரச காணியாகவே இருக்க வேண்டும். அனுமதியின்றி உள்ளே நுழையவும் முடியாது. சரணாலயத்தின் எல்லைக்குள்ளோ தனியார் காணியும் அடங்கலாம், மக்கள் தம் தொழிலுக்குப் போய்வரலாம், ஆனால் அங்குள்ள காட்டுயிர்களைக் கொல்லவோ பிடிக்கவோ கூடாது. கட்டுக்கரைக்குளத்தில் நீர் வற்றும் காலத்தில் சேற்றில் நாரையும் கொக்கும் இரை தேட, சற்றுத் தள்ளி மாடுகள் மேய்கின்றன. அதே குளத்து நீரில்தான் மன்னார் வயல்களும் விளைகின்றன. வேலியோ கூண்டோ பார்வையாளர் மேடையோ இல்லாத இந்த ஏற்பாடே சரணாலயம் என்ற சொல்லின் உண்மைப் பொருள் என்பேன்.

தமிழில் இதற்கு நேரான சொல் எது? அடைக்கலம் என்று சிலர் எழுதுகின்றனர். ஆனால் அடைக்கலம் என்பது ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கப்படுவது. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் கண்ணகி மாதரியிடம் ஒப்படைக்கப்படுவது அப்படித்தான். மனிதர் கூரையை நம்பி வாழும் சிட்டுக்கு அடைக்கலாங்குருவி என்று பெயரிட்டவர்களும் பொருளறிந்தே இட்டிருக்கிறார்கள். ஆகவே வளர்ப்போர் கையையே நம்பி இருக்கும் பின்னவலை யானைகளின் இடத்துக்கு அடைக்கல இல்லம் என்பது பொருந்தும். புகல் என்ற சொல்லோ 'புகு' என்னும் வினையிலிருந்து பிறந்தது. தானே நடந்து புகுவதைக் குறிப்பது. கொக்கிளாய்க்கும் கட்டுக்கரைக்கும் புகலிடம் என்பதே சரி. வெளிநாடுகளில் தஞ்சம் கோரியோரை நினைவூட்டுவதால் நம்மவர் இச்சொல்லைத் தயங்கியே கையாளுகின்றனர். விலங்குக்கு ஆகாத அளவுக்கு அது அரசியற்சொல் ஆகிவிட்டதாக நான் கருதவில்லை.

இரண்டிலும் அடங்காத ஓர் இடமும் உண்டு. 1995 இல் உடவளவையில் தொடங்கிய யானைக் குட்டிகள் நிலையத்தில் மூன்று மணிக்கொரு தடவை பால் கொடுக்கிறார்கள். ஆயினும் மனிதரோடு ஒட்டிவிடாதபடி பழக்கத்தைக் குறைத்து, வளர்ந்ததும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இதற்கு வன்னியார் மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியதில்லை. போரில் இடம்பெயர்ந்தோர் தற்காலிகமாகத் தங்கிய முகாம்களால் இடைத்தங்கல் என்பது நமக்கு நன்கு தெரிந்த சொல், திரும்பிப் போகும் நாள் உண்டு என்ற எதிர்பார்ப்பும் அதற்குள் இருக்கிறது.

தமிழ்நாட்டில் வழங்கும் காப்பகம் என்ற சொல் 'புலிகள் காப்பகம்' எனக் காட்டுக்கும் ஆகிறது. இங்கே அது பெரும்பாலும் சிறுவர் இல்லத்தையே குறிப்பதால் குழப்பம் தரும். மிருகக்காட்சிச்சாலை என்ற நம் பழைய சொல்லை மட்டும் மாற்ற வேண்டாம் என்பேன். உயிரியல் பூங்கா என்ற நயமான பெயரைவிட, தெகிவளையில் விலங்குகள் எதற்காக நிறுத்தப்பட்டிருக்கின்றன என்பதை அது ஒளிக்காமல் சொல்கிறது.