பல்லு வெளக்கியும் போகாத வாய் நாத்தம் எங்கேருந்து வருது?

மலேசியாவுல எங்க ஊரு சுங்கை சிப்புட் பக்கம் வாய் நாத்தம்னு யாராச்சும் பேச்செடுத்தா உடனே வயித்த தான் காட்டுவாங்க, உடம்பு சூடு, வயித்துல புண்ணு, காலையில வெறும் வயித்துல தண்ணி குடின்னு ஆளாளுக்கு ஒரு வைத்தியம். ஆனா நாள்பட்ட வாய் நாத்தம் பெரும்பாலும் வயித்துலேருந்து வர்றதே இல்ல, வாய்க்குள்ளயே தான் உருவாகுது. பெத்தாய்ங்கற வாடை அடிக்கற கொட்டைய போட்டு செய்யற சம்பால், பச்ச பூண்டு சாப்பிட்டு வர்ற வாடை வேற கணக்கு, அது மறுநாளோ அதுக்கு மறுநாளோ போயிடும். மாசக்கணக்கா போகாம இருக்குன்னா ரெண்டு இடத்த பாக்கணும், ஒன்னு நாக்கோட பின்பக்கம், இன்னொன்னு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கற சந்து. நாக்க நாமளே வழிச்சிடலாம், ஈறு சந்து தான் நம்ம கைக்கு எட்டாது.

நல்லா இருக்கற ஈறுலயும் பல்ல சுத்தி 1லேருந்து 3 மில்லிமீட்டர் வரைக்கும் ஒரு சின்ன பள்ளம் இருக்கத்தான் செய்யும். பல்லு ஓரத்துல படியற மாவு மாதிரி அழுக்க எடுக்காம விட்டா ஈறு வீங்கும், தொட்டா ரத்தம் வரும். 1965ல ஹரால்டு லோ (Löe)ங்கற பல் ஆராய்ச்சியாளரும் அவரோட ஆளுங்களும் டென்மார்க்ல 12 பேர பல்லு வெளக்காம இருக்க சொல்லி பாத்தாங்க, 10லேருந்து 21 நாளுக்குள்ள எல்லாருக்கும் ஈறு வீங்கிடுச்சு, திரும்ப வெளக்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் போல எடுத்து சரியாயிடுச்சு. அதாவது இந்த கட்டத்துல முழுசா திரும்பி வந்துடலாம். கண்டுக்காம விட்டா அழுக்கு எச்சில்ல இருக்கற கால்சியத்தோட சேர்ந்து கல்லா இறுகி காரையாயிடும், சிலருக்கு அடியில இருக்கற எலும்பு கரைய ஆரம்பிக்கும், பள்ளம் 4, 5, 6 மில்லிமீட்டர்னு ஆழமா போகும். போன எலும்பு தானா வளராது.

நாத்தம் அங்க தான் பொறக்குது. அந்த ஆழத்துக்கு பிரஷ் நார் போகாது, காத்தும் சரியா போகாது, அதனால காத்து பிடிக்காத பாக்டீரியாங்க அங்க குடியேறிடும். அதுங்களுக்கு சாப்பாடு சக்கரை இல்ல, புரதம். செத்த செல்லு, ஈறுலேருந்து கசியற நீர், ரத்தம் எல்லாமே புரதம் தானே. கோப்பையிலயே உறைஞ்சு கெடக்கற ரப்பர் கட்டிப்பால் ஏன் அப்படி நாறுதுன்னு தோட்டத்து ஆளுங்களுக்கு சொல்ல வேணாம், அதுலயும் பாக்டீரியா புரதத்த தின்னு தான் நாத்தம் கெளம்புது, ஈறுக்குள்ளயும் அதே வேலை தான் நடக்குது. புரதத்துல சிஸ்டீன், மெத்தியோனின்னு கந்தகம் இருக்கற ரெண்டு அமினோ அமிலம் உண்டு, அத உடைச்சா ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தைல் மெர்காப்டனும் வரும். முதலாவது அழுகின முட்டை வாடை. ரெண்டாவது அதவிட மோசம், ஈறு நோய் உள்ளவங்க வாயில இது தான் கூடுதலா இருக்கும். இந்த வாயுங்க நாறறதோட நிக்கறதில்ல, ஈறோட உள் தோல வேற பலவீனமாக்கி பாக்டீரியாவோட நஞ்சு உள்ள போக வழி விடுது. போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ்னு ஒரு பாக்டீரியா, அது வளர ரத்தத்துல இருக்கற இரும்பு வேணும், ஈறுல ரத்தம் வர வர அதுக்கு விருந்து தான்.

அதனால ரத்தம் வருதேன்னு அந்த பக்கம் வெளக்காம விடறது ரொம்ப தப்பு, தயவு செஞ்சு அப்படி செய்யாதீங்க, மெத்துன்னு இருக்கற பிரஷ்ல ஈறு ஓரமா சாய்ச்சு வெளக்கணும். சிகரெட் பிடிக்கறவங்களுக்கு ஈறுல ரத்த ஓட்டம் கம்மியாயி ரத்தமே தெரியாம நோய் முத்திடும், வெத்தல பாக்கு போடற பாட்டிங்களுக்கு செவப்போட செவப்பா ரத்தம் மறைஞ்சிடும். இனிப்பு நீர், அதாவது சக்கரை வியாதி உள்ளவங்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டா சக்கரையும் கட்டுக்குள்ள வர அடம் பிடிக்கும், ரெண்டும் ஒன்ன ஒன்னு இழுத்துட்டு போகும்.

சந்தேகம்னா கடைசி கடவா பல்லு இடுக்குல ஃப்ளாஸ் நூல விட்டு எடுத்து கொஞ்ச நேரம் கழிச்சு மோந்து பாருங்க, நாறுச்சுன்னா கவர்மெண்டு பல் கிளினிக்குக்கு கெளம்பிடுங்க, இதுல வெக்கப்பட ஒன்னுமில்ல. அங்க டாக்டர் கோடு போட்ட மெல்லிசு கம்பி ஒன்ன ஈறு ஓரத்துல இறக்கி, ஒவ்வொரு பல்லுக்கும் மூனு, ரெண்டு, அஞ்சுன்னு சொல்ல சொல்ல மிஸ்ஸி (நர்ஸ்) எழுதிக்குவாங்க, அது தான் பள்ளத்தோட ஆழம்.

ஸ்கேலிங், அதாவது காரைய சொரண்டி எடுக்கறது, பண்ணா பல்லு ஆடும், இடைவெளி விழும்னு பயந்துகிட்டே எத்தனையோ பேரு போகாம இருக்காங்க, எனக்கு இத கேட்டாலே வருத்தமா இருக்கு. இடைவெளி முன்னாடியே விழுந்தாச்சு, காரையும் ஈறு வீக்கமும் சேர்ந்து அத அடைச்சுகிட்டு இருந்துச்சு, அத எடுத்ததும் கண்ணுக்கு தெரியுது, அவ்வளவு தான். ஆழம் ரொம்ப இருந்தா மரத்துப் போற ஊசி போட்டு வேர் வரைக்கும் சொரண்டி எடுப்பாங்க, சில வாரம் கழிச்சு அதே கம்பிய வெச்சு திரும்ப அளப்பாங்க, அஞ்சா இருந்தது மூனா வந்திருந்தா அந்த பாக்டீரியாவுக்கு அங்க ஒளிஞ்சுக்க எடம் கொறைஞ்சுடுச்சுன்னு அர்த்தம், நாத்தமும் அதோட கொறையும்.