முகவரியில் ஊர்ப் பெயர் இருக்கிறது, வீடு அந்த ஊரில் இல்லை

போன மாதம் ஒரு இளம் தம்பதி என்னைப் பார்க்க வந்தார்கள். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், ஒரு நகரத்தின் கிழக்கு ஓரத்தில், அரை ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியிருந்தார்கள். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் பாதாம் தோட்டம். விலையும் ஊருக்குள் இருப்பதைவிடக் குறைவு. "அண்ணா, பின்னாடி ஒரு சின்ன வீடு கட்டி அம்மா அப்பாவை ஊர்லேர்ந்து கூட்டிட்டு வரணும். பிளான் போட்டுக் கொடுங்க" என்றார் அந்தத் தம்பி.

மனை எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்தேன். வீடு நகர எல்லைக்கு வெளியே இருந்தது. குடிக்கக் கிணற்றுத் தண்ணீர், கழிவுக்கு செப்டிக் டேங்க். இந்த மாநிலத்தில் கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே பொதுவாக 100 அடி இடைவெளி வேண்டும். அரை ஏக்கரைச் சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 150 அடிகூட வராது. பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கணக்கில் சேர்த்தால், இரண்டாவது வீட்டுக்கான செப்டிக் குழிக்கு இடமே இல்லை. நகரத்தின் கழிவுநீர்க் குழாயோ எதிர்ச் சாரியில்தான் ஓடுகிறது.

"முகவரியில அந்த ஊர் பேர்தானே அண்ணா போட்டிருக்கு? ஜிப் கோடும் அதேதானே?" என்று அந்தப் பெண் கேட்டார். இருபது வருடமாக மனைப் பிரிவுகளுக்கு ரோடும் குழாயும் வரைந்து கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ஜிப் கோடு தபால் கொண்டுவருபவருக்காகப் போட்டது. நகர எல்லை எங்கே முடிகிறது என்று அது சொல்லாது.

இங்கே கவுண்ட்டி என்பது ஏறக்குறைய நம்மூர் மாவட்டம் மாதிரி. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட மேற்பார்வையாளர் குழு ஒன்று அதை ஆள்கிறது. கலிஃபோர்னியாவில் 58 கவுண்ட்டிகள். எந்த நகராட்சியிலும் சேராத நிலத்துக்கு கவுண்ட்டிதான் உள்ளாட்சி. அங்கே நகரப் போலீஸுக்குப் பதில் கவுண்ட்டியின் காவல் அதிகாரியான ஷெரிஃப் வருவார், ரோட்டுக் குழியை கவுண்ட்டி அடைக்கும். தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் தனித்தனி 'சிறப்பு மாவட்டங்கள்', அதாவது குறிப்பிட்ட சேவைக்கென்றே அமைத்த உள்ளாட்சி அமைப்புகள், இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எதிரே தெரிகிற நகரத்தின் மேயர் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு கிடையாது.

எல்லைக்கு அப்பால் குழாயை நீட்டிக் கொடுப்பதில் பொறியியல் சிக்கல் அதிகம் இல்லை. பணத்தில்தான் சிக்கல். 1978இல் மக்கள் ஓட்டில் வென்ற 13ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குக் கட்டிப் போட்டது. அந்த ஒரே பானைச் சோற்றைத்தான் கவுண்ட்டி, நகரம், பள்ளி, சிறப்பு மாவட்டம் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஓரப் பகுதி ஒன்றை நகரம் தன்னோடு சேர்க்க வேண்டுமானால், அந்த நிலத்தின் வரியில் யாருக்கு எவ்வளவு என்று நகரமும் கவுண்ட்டியும் முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். புதிய கடைத்தெருவோ பெரிய வணிக வளாகமோ வரப்போகிற நிலமென்றால் பேச்சு மளமளவென்று முடிகிறது. பழைய சின்ன வீடுகளும் நடைபாதை இல்லாத தெருக்களும் கொண்ட ஏழைக் குடியிருப்பென்றால் கோப்பு நகர்வதில்லை. நான் வேலை பார்த்த ஒரு தெருவில் நகரத்தின் எல்லை வளைந்து வளைந்து போய், அப்படிப்பட்ட நாற்பது வீடுகளை மட்டும் விட்டுவிட்டு மீண்டும் நேராகிறது. அந்த வரைபடத்தை எப்போது விரித்தாலும் மனசு கனக்கும்.

இதன் விலை என்னவென்று துலாரே கவுண்ட்டியில் நகர எல்லைக்கு வெளியே இருக்கும் கிழக்கு போர்ட்டர்வில் காட்டியது. 2014 வறட்சியில் அங்கே வீட்டுக் கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வற்றின. பக்கத்திலேயே இருக்கும் போர்ட்டர்வில் நகரத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர். இந்தப் பக்கம் வாசலில் கறுப்புத் தொட்டி வைத்து லாரித் தண்ணீர் நிரப்பினார்கள், குடிக்க பாட்டில் தண்ணீர். மாநில அரசு பணம் போட்டு, நகரமும் கவுண்ட்டியும் உட்கார்ந்து பேசி, 2016இல்தான் நகரக் குழாய்களை இணைக்கத் தொடங்கினார்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் இணைந்தன. கிணறு வற்றும்வரை காத்திருக்காமல் இதை முன்பே செய்திருக்க முடியும். கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் குழாய் இருந்தது.

சேவைகளைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் லேக்வுட் என்ற ஊர் 1954இல் தனி நகரமானது. அப்போது அது சொந்தமாகப் போலீஸ் படை திரட்டவில்லை, பெரும்பாலான சேவைகளை கவுண்ட்டியிடமே ஒப்பந்தத்தில் வாங்கிக்கொண்டது. அதைப் பார்த்துப் பின்னால் பல நகரங்கள் அப்படியே உருவாயின. தீயணைப்பில் இந்தப் பழக்கம் இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எல்லையைப் பார்க்காமல், கிட்டத்தில் இருக்கும் வண்டி முதலில் கிளம்ப வேண்டும் என்று பல இடங்களில் ஒப்பந்தம் உண்டு. ஆனால் வண்டி வந்தால் போதுமா? தண்ணீர் வேண்டுமே. 1,000 அடிக்குள் தெருவோரத் தீயணைப்புக் குழாய் (ஹைட்ரண்ட்) இல்லாத வீட்டுக்குக் காப்பீடு எடுக்கப் போனால் அந்த வித்தியாசம் கட்டணத்தில் தெரியும்.

ஆகவே, வீட்டுக்கு முன்பணம் கட்டுமுன் ஒரு மதியம் ஒதுக்குங்கள். ரியல்டர், அதாவது வீட்டுத் தரகர், சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கவுண்ட்டி வரி மதிப்பீட்டு அலுவலகத்தில் மனை எண்ணைக் கொடுத்து, இது எந்த உள்ளாட்சி என்று கேளுங்கள். வரி ரசீதில் என்னென்ன சிறப்பு மாவட்டங்கள் இருக்கின்றன என்று வரி வரியாகப் படியுங்கள். அப்புறம் லாஃப்கோ. 1963இல் ஒவ்வொரு கவுண்ட்டிக்கும் ஒன்றாக ஏற்படுத்திய எல்லை ஆணையம் இது. நகரம் ஒருநாள் எதுவரை வளரலாம் என்று 'செல்வாக்கு வட்டம்' ஒன்று வரைந்து வைத்திருப்பார்கள். உங்கள் மனை அந்த வட்டத்துக்குள் இருந்தால், பின்னாளில் நகரோடு சேரப்போகும் இடம் என்ற அடிப்படையில், எல்லை தாண்டிக் குழாய் கேட்டு நகரத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். வட்டத்துக்கு வெளியே என்றால், உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து இருப்பதைக் காட்டியாக வேண்டும். வட்டத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்தத் தம்பதிக்கு இதை யாருமே சொல்லியிருக்கவில்லை.

அவர்கள் மனை வட்டத்துக்குள்தான் இருக்கிறது, நல்லவேளை. ஆனால் ஒற்றை வீட்டுக்காகத் தெருவைத் தோண்டினால் செலவு தாங்காது. அதனால் சனிக்கிழமைகளில் அந்தப் பெண் தெருவில் உள்ள பதினொரு வீட்டுக் கதவையும் தட்டி, சேர்ந்து விண்ணப்பிக்கலாமா என்று கேட்டு வருகிறார். இதுவரை ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதலில் போட்டவர் எண்பது வயதைத் தாண்டிய ஒரு மெக்சிகப் பாட்டி. அவர் வீட்டுக் கிணறு போன கோடையிலேயே மண் கலந்து வர ஆரம்பித்துவிட்டதாம்.