டிஷ்ஷுக்கும் டேப்புக்கும் நடுவே

டி.வி. நிகழ்ச்சிகளை வீடியோ டேப்பில் பதியும் கருவியான வி.சி.ஆரின் பின்பக்கம் ஆன்டெனா ஒயர் செருக ஒரு துளை இருக்கும். டிஷ்ஷிலிருந்து இறங்கும் ஒயரும் பார்க்க அதே மாதிரிதான். அடாப்டர் போட்டால் செருகியும் விடலாம். ஆனால் திரையில் வெறும் புள்ளிகள்தான் ஓடும்.

பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் அனுப்பும் அலை, பெரும்பாலும் 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள் வருகிறது. அதை அப்படியே ஒயரில் விட்டால் சில மீட்டருக்குள் தேய்ந்துபோகும். அதனால் டிஷ்ஷின் கை நுனியில் உள்ள எல்.என்.பி. அதைப் பெருக்கி, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் என்ற கீழ்மட்டத்துக்கு இறக்கி அனுப்புகிறது. தரைவழி ஒளிபரப்புக்கென்று செய்யப்பட்ட வி.சி.ஆர். ட்யூனரோ (சேனலைப் பிடிக்கும் பாகம்) 860 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே நின்றுவிடும். அது மட்டுமா? எல்.என்.பி.க்கு மின்சாரமும் அதே ஒயர் வழியாகத்தான் மேலே போக வேண்டும். 13 வோல்ட் போனால் செங்குத்து அலைகளை எடுக்கும், 18 வோல்ட் போனால் கிடைமட்ட அலைகளை. இந்த வேலை எதுவும் வி.சி.ஆருக்குத் தெரியாது.

ஆக, சேனல் பிடிக்கிற வேலை முழுக்க செட்டாப் பாக்ஸுடையது. வி.சி.ஆர். வந்ததைப் பதிவு செய்யும், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

டிஷ் ஒயர் பாக்ஸுக்கு. பாக்ஸின் மஞ்சள் பின்னிலிருந்து படம், சிவப்பு-வெள்ளைப் பின்களிலிருந்து ஒலி, மூன்றும் வி.சி.ஆரின் உள்வாங்கும் பக்கத்துக்கு. அங்கிருந்து டி.வி.க்கு. 21 பின் கொண்ட ஸ்கார்ட் என்ற இணைப்பு இருந்தால் இன்னும் சுலபம்: படமும் ஒலியும் ஒரே ஒயரில் போவதோடு, எட்டாவது பின்னில் வரும் வோல்டேஜைப் பார்த்து டி.வி. தானாகவே அந்தப் பக்கம் மாறிக்கொள்ளும். இரண்டும் இல்லாமல் ஆன்டெனா ஒயர் மட்டும்தான் வழி என்றால், பாக்ஸுக்குள் இருக்கும் மாடுலேட்டர் படத்தை ஒரு போலி சேனலாக மாற்றி அனுப்பும், வி.சி.ஆரில் அந்தச் சேனலைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒலி பெரும்பாலும் மோனோவாகிவிடும், படமும் கொஞ்சம் மங்கும். வி.சி.ஆரிலும் ஒரு மாடுலேட்டர் உண்டு. இரண்டும் ஒரே சேனலில் இருந்தால் படத்தின் மேல் சாய்ந்த கோடுகள் நெளியும். ஒன்றை நகர்த்தி வைத்தால் சரியாகிவிடும்.

டைமர்தான் உண்மையான தலைவலி. வி.சி.ஆரில் சேனல் எண்ணுக்குப் பதிலாக ஏ.வி., அதாவது பின் வழியே வரும் படம், என்று போட வேண்டும். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். டைமரை ஒன்பது மணிக்கு வைத்தால், அப்போது வி.சி.ஆர். எழுந்து, பின்னில் என்ன வருகிறதோ அதைப் பதியும். அந்த நேரத்தில் பாக்ஸும் விழித்திருக்க வேண்டும், சரியான சேனலிலும் இருக்க வேண்டும். எனவே இரண்டு டைமர்கள். பாக்ஸின் கடிகாரம் செயற்கைக்கோள் வழியே நேரத்தைத் திருத்திக்கொள்ளும், வி.சி.ஆரின் கடிகாரம் நாம் வைத்தது, மெல்ல விலகும், கரண்ட் போய் வந்தால் 12:00 என்று கண் சிமிட்டும். பாக்ஸை ஓரிரு நிமிடம் முன்னதாக எழுப்புவது நல்லது. சில வி.சி.ஆர்.கள், பாக்ஸிலிருந்து சிக்னல் வந்ததுமே தாமாகப் பதியத் தொடங்கும். இன்னும் சிலவற்றோடு ஒரு சின்ன அகச்சிவப்பு விளக்கு ஒயரில் வரும். பாக்ஸின் முகப்பில் ஒட்டிவிட்டால், ரிமோட் போல நடித்து அதுவே சேனலை மாற்றிவிடும்.

பதிவு ஓடும்போது பாக்ஸின் ரிமோட்டை யாரும் தொடக் கூடாது. சேனலை மாற்றினால் டேப்பிலும் மாறும். தகவல் பொத்தானை அழுத்தினால், அந்தப் பட்டை முகங்களின் மேல் நிரந்தரமாகக் குந்திக்கொள்ளும். பல பாக்ஸ்களில் ஒலியைக் குறைத்தால் டேப்பிலும் குறைவாகத்தான் பதிவாகும்.

படத்தின் தரம்? வி.சி.ஆரில் போடும் வி.எச்.எஸ். வகை டேப்பில் வெளிச்ச விவரத்துக்குக் கிடைப்பது சுமார் 3 மெகாஹெர்ட்ஸ்தான், அதாவது குறுக்குவாட்டில் 240 கோடுகள் அளவு. பாக்ஸ் தருவது அதைவிட அதிகம். மிச்சம் டேப்பில் ஏறாமலே போய்விடும். விலை கூடிய ஒயர் வாங்கி இதைச் சரிக்கட்ட நினைப்பது வீண் செலவு.

சில படங்களைப் பதிந்தால் திரை இருண்டு வெளுத்து, இருண்டு வெளுத்து ஆடும். அது பழுதல்ல, நகலெடுப்பதைத் தடுக்க 1980களில் வந்த மேக்ரோவிஷன் பூட்டு. படத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத கோடுகளில் சில துடிப்புகளைச் செருகிவிடுகிறார்கள். வி.சி.ஆரின் தானியங்கி அளவுச் சீராக்கி அதைப் பார்த்து, சிக்னல் ரொம்ப பலமாக இருக்கிறது என்று ஏமாந்து படத்தை அமுக்கும். டி.வி.க்கு அந்தப் பிரச்சினை கிடையாது. ஆனால் வி.சி.ஆர். வழியாக டி.வி.க்குப் போகும்படி இணைத்திருந்தால் சும்மா பார்க்கும்போதே அந்த ஆட்டம் வரலாம். அதனால் பாக்ஸில் இன்னொரு வெளியீடு இருந்தால் அதை நேராக டி.வி.க்குக் கொடுங்கள்.

டிஜிட்டல் ஒளிபரப்பு வந்தபின் இந்த ஏற்பாட்டில் ஓர் அபத்தம் சேர்ந்துகொண்டது. சுருக்கி அனுப்பிய தரவை விரித்து, அனலாக் ஆக்கி, டேப்பில் பாதியைத் தொலைக்கிறோம். விரிப்பதற்கு முன்பே பிடித்தால் என்ன? டிஜிட்டல் ரெக்கார்டர்கள் செய்வது அதைத்தான். வரும் தரவு 188 பைட் கொண்ட துண்டுகள். ஒவ்வொன்றிலும் அது எந்தச் சேனலின் படம், எந்த ஒலி என்று காட்டும் எண் உண்டு. தபால் பிரிப்பதுபோல வேண்டிய எண்களை மட்டும் பொறுக்கி ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவிடலாம். நொடிக்கு 4 மெகாபிட் வரும் சேனல் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிகாபைட் பிடிக்கும். தரத்தில் துளியும் குறையாது. 1999இல் டிவோ, ரீப்ளே டிவி என்ற பெட்டிகள் ஹார்ட் டிஸ்க் பதிவை வீட்டுக்குக் கொண்டுவந்தன. ஆனால் முதலில் வந்தவை அனலாக் படத்தை வாங்கி மறுபடி சுருக்கியவைதான். செயற்கைக்கோள் ட்யூனரும் டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்த பிறகே தரவை அப்படியே எழுத முடிந்தது. செயற்கைக்கோளின் ஒரே டிரான்ஸ்பாண்டரில், அதாவது பல சேனல்களைச் சேர்த்து அனுப்பும் ஒரே அலைவரிசையில், வரும் இரண்டு சேனல்களை ஒரே ட்யூனரால் பதியவும் முடியும்.

எச்.டி.எம்.ஐ. ஒயரிலிருந்து பிடிக்கலாமே என்றால், அங்கே நகலெடுப்பதைத் தடுக்கும் எச்.டி.சி.பி. என்ற பூட்டு, ரெக்கார்டருக்குக் கறுப்புத் திரைதான் மிஞ்சும். பாக்ஸின் டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் போட்டாலும் பெரும்பாலும் திறக்காது, சாவி பாக்ஸோடு இருக்கிறது. பாக்ஸ் செத்தால் பதிவுகளும் போயின. வைத்துக்கொள்ள விரும்பும் நிகழ்ச்சி இருந்து, பாக்ஸில் மஞ்சள் பின்னும் இருந்தால், அது உயிரோடு இருக்கும்போதே ஓடவிட்டு டிவிடி ரெக்கார்டரில் பதிந்துகொள்ளலாம், பூட்டு இல்லாதவரை. இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு முழுசாக இரண்டு மணி நேரம் ஆகும்.