பொதுக் கற்பிப்பு: ஒரு பிரெஞ்சுத் தொடரும் அதற்கு நேரான தமிழும்

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து ‘ஆன்ஸ்த்ருக்சியோன் பூப்ளீக்’ (instruction publique) என்னும் தொடரைத் தமிழில் ‘பொதுக் கல்வி’ என்று பெயர்ப்பதைப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் 1792, 1793 ஆகிய ஆண்டுகளில் பாரிஸ் மன்றங்களில் எதைக் குறித்து வாதம் நடந்ததோ, அதையே அந்தப் பெயர்ப்பு மறைத்துவிடுகிறது. குடியரசு தன் பிள்ளைகளுக்குத் தர வேண்டியது ‘ஆன்ஸ்த்ருக்சியோன்’ (கற்பிப்பு) என்பதா, ‘எதுக்காசியோன்’ (வளர்ப்பு) என்பதா என்பதே அங்கே எழுந்த கேள்வி. இரண்டுக்கும் ‘கல்வி’ என்ற ஒரே சொல்லை இட்டால், எதிரெதிராக நின்ற இரு தரப்பாரும் ஒன்றையே கேட்டது போலத் தோன்றும்.

முதற்சொல்லின் வேர் இலத்தீன். ‘ஸ்த்ருவெரே’ என்றால் அடுக்குதல், கட்டுதல். அதிலிருந்து வந்த ‘இன்ஸ்த்ருவெரே’ என்பதற்குப் படையை அணிவகுத்தல், வேண்டிய கருவிகளைக் கொடுத்து ஆயத்தப்படுத்துதல் என்ற பொருள்கள் உண்டு. இரண்டாவது சொல்லின் மூலமான ‘எதுகாரே’ என்பதோ குழந்தையையோ கன்றையோ ஊட்டி வளர்த்தலைக் குறித்தது. முன்னது ஒருவர் கையில் கருவியைக் கொடுக்கிறது. பின்னது அவர் எத்தகைய ஆளாக வேண்டும் என்பதையே முடிவு செய்ய முனைகிறது.

வளர்ப்பை அரசே ஏற்க வேண்டும் என்ற குரல் புரட்சிக்கு முன்பே எழுந்தது. 1762இல் பாரிஸ் நீதிமன்றம் இயேசு சபையின் கல்லூரிகளை மூடிய பிறகு, பிரான்சின் பிரித்தானி மாநில நீதிமன்றத்தின் அரச வழக்கறிஞர் லா ஷலோத்தே 1763இல் ‘தேசியக் கல்வி’ குறித்து ஒரு கட்டுரை நூலை வெளியிட்டார். அரசின் பிள்ளைகளை அரசின் உறுப்பினர்களே வளர்க்க வேண்டும் என்று வாதிட்ட அவரே, உழவர் பிள்ளைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் கற்றுத் தருவதைக் கண்டித்தார் என்பதை மறக்கக் கூடாது. ‘தேசிய’ என்ற அடைமொழி அப்போது ‘எல்லோருக்குமான’ என்ற பொருளைத் தரவில்லை. மதகுருமாரின் கையிலிருந்து விடுபட்டது என்ற பொருளையே தந்தது.

எல்லோருக்குமானது என்ற பொருளைச் சுமந்தது ‘பூப்ளீக்’ என்ற அடைமொழியே. 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, குடிமக்கள் அனைவருக்கும் பொதுவானதும், எல்லா மனிதருக்கும் இன்றியமையாத பகுதிகளில் கட்டணமற்றதுமான ஒரு கற்பிப்பு அமைக்கப்படும் என்று உறுதியளித்தது. அதே ஆண்டில் கணித அறிஞர் கோந்தோர்சே எழுதிய ஐந்து ஆய்வுரைகளில் முதலாவது, பொதுக் கற்பிப்பு என்பது குடிமக்களுக்குச் சமுதாயம் ஆற்ற வேண்டிய கடமை என்று தொடங்குகிறது. கடமை என்ற அந்தச் சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். படிக்கத் தெரியாத மனிதன், சட்டம் தரும் உரிமையைப் பயன்படுத்தவும் இன்னொருவனைச் சார்ந்தே நிற்கிறான் என்பதும், அந்தச் சார்பு நீங்காத வரையில் சமத்துவம் ஏட்டளவில்தான் இருக்கும் என்பதும் அவருடைய வாதம்.

1792 ஏப்ரல் 20, 21 ஆகிய நாட்களில் சட்டமன்றத்தில் அவர் படித்தளித்த அறிக்கை, ஆஸ்திரியாவின் மீது போர் தொடுக்கும் முடிவு நடுவே வந்ததால் ஒரே நாளில் முடியவில்லை. தொடக்கப் பள்ளி முதல் அறிவியல், கலைகளுக்கான தேசியச் சங்கம் வரை ஐந்து படிகளை வகுத்த அந்தத் திட்டம் கல்விக் கட்டணத்தை விலக்கியது. சமயப் பாடத்தைப் பள்ளியிலிருந்து கோயில்களுக்கு அனுப்பியது. அவர் அரசுக்கு வைத்த எல்லைதான் எல்லாவற்றிலும் பெரிது. அரசியலமைப்பையும், மனித உரிமைப் பிரகடனத்தையும்கூட, வானிலிருந்து இறங்கிய பலகைகளைப் போல வணங்கி நம்ப வேண்டியவை என்று எவருக்கும் காட்டக் கூடாது என்றார். ஆராய்ந்து திருத்தத் தக்க சட்டமாகவே அரசியலமைப்பு மாணவருக்குச் சொல்லப்பட வேண்டும். பொது அதிகாரத்தின் உரிமை அறிவைத் தருவதோடு நிற்கிறது. நம்பிக்கைகளை வகுத்தளிக்கும் உரிமை அதற்கு இல்லை. ‘எதுக்காசியோன்’ என்ற சொல்லை அவர் ஒதுக்கியதற்குக் காரணம் இதுவே.

எதிர்வாதம் அவ்வாண்டு டிசம்பரில் மன்ற உறுப்பினர் ரபோ சேன் எத்தியேன் வாயிலாக வந்தது. பொதுக் கற்பிப்பு அறிவுக்கு ஒளி தரும், தேசிய வளர்ப்போ இதயத்தை உருவாக்க வேண்டும் என்றார் அவர். முன்னதற்கு நூல்களும் கருவிகளும் வேண்டும்; பின்னதற்கு விளையாட்டரங்குகளும் படைக்கலங்களும் தேசிய விழாக்களும் வேண்டும். 1793 ஜூலை 13 அன்று, அதற்குள் கொலையுண்டிருந்த மன்ற உறுப்பினர் லெப்பெலத்தியேயின் திட்டத்தைப் புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் படித்தார். ஆண் பிள்ளைகளை ஐந்து வயது முதல் பன்னிரண்டு வரையிலும், பெண் பிள்ளைகளைப் பதினொன்று வரையிலும் பெற்றோரிடமிருந்து பிரித்து, குடியரசின் செலவில் ஒரே உடை, ஒரே உணவோடு விடுதிகளில் வளர்ப்பதென்பது அதன் சாரம். அந்தத் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. அதற்கு முன்பே தலைமறைவாகியிருந்த கோந்தோர்சே 1794 மார்ச்சில் சிறையறையில் இறந்து கிடந்தார்.

இனித் தமிழ். ‘கல்வி’ என்பது ‘கல்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. கற்பவரின் செயலையே குறிப்பது. சமுதாயத்தின் கடமையைச் சொல்லப் பிறவினை வேண்டும், ஆகவே ‘கற்பிப்பு’. ‘காரணம் கற்பித்தல்’ என்பதில் வரும் கற்பித்தல் வடமொழி வழியாக வந்த வேறு சொல் என்பதால், குழப்பத்துக்குச் சிறிது இடமுண்டு. ‘பொது’ என்ற அடைமொழி அதைப் பெரிதும் நீக்கிவிடும். ‘போதனை’ என்ற சொல் விழிப்பித்தல் என்ற வேர்ப்பொருளால் அறிவொளிக் காலத்துக்கு நெருக்கமானதுதான். இலங்கைத் தமிழில் ‘போதனா மொழி’, ‘போதனா வைத்தியசாலை’ என்று நடுநிலையாகவே வழங்குகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கோ அது சமய உரையையும் அறவுரையையும் நினைவூட்டும். கோந்தோர்சே விலக்கியது அதைத்தான். ‘எதுக்காசியோன் நாசியோனால்’ என்பதற்கு, அந்த இரண்டாண்டு வாதத்தைப் பொறுத்தவரை, ‘தேசிய வளர்ப்பு’ என்பதே பொருந்தும்.

சென்னையில் பல தலைமுறை ஆசிரியர்கள் ‘டி.பி.ஐ.’ (டைரக்டர் ஆஃப் பப்ளிக் இன்ஸ்ட்ரக்‌ஷன்) என்று அழைத்த நுங்கம்பாக்கம் வளாகம், 1854ஆம் ஆண்டின் கல்வி ஆணைக்குப் பின் வந்த பதவியின் பெயரைத் தாங்கியிருந்தது. அதன் நடு எழுத்தும் கடை எழுத்தும் பொதுக் கற்பிப்பு என்ற இதே இணையின் ஆங்கில வடிவமே. பிரான்சில் அந்தப் பெயரைக் கொண்டிருந்த அமைச்சகம் 1932இல் ‘தேசியக் கல்வி’ அமைச்சகம் என்று மாற்றப்பட்டது. முசோலினியின் இத்தாலி 1929இலேயே அவ்வாறு மாற்றியிருந்தது. எனவே பிரெஞ்சு ஆவணங்களை மொழிபெயர்ப்போர், 1932க்கு முந்தைய அமைச்சகத்தைப் ‘பொதுக் கற்பிப்பு அமைச்சகம்’ என்றே எழுதுவது நேரானது.