பாஸ்பர் வேறு, பாஸ்பரஸ் வேறு

டியூப்லைட்டின் உட்புறம் ‘பாஸ்பரஸ் பூசப்பட்டிருக்கிறது’ என்று இன்னும் எத்தனை பேர்தான் எழுதுவார்கள்? எல்இடி பல்பு பற்றிய மொழிபெயர்ப்புகளிலும் இதே கதைதான். அங்கே இருப்பது பாஸ்பர். பாஸ்பரஸ் ஒரு தனிமம். பாஸ்பர் என்பதோ, வேறோர் ஒளியோ எலக்ட்ரான் கற்றையோ பட்டால் சூடேறிப் பழுக்காமலே ஒளிதரும் பொருள்களின் பொதுப்பெயர்.

இரண்டும் ‘ஒளி சுமப்பது’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. கிரேக்கர்கள் விடிவெள்ளியை அப்படி அழைத்தார்கள். 1669-இல் ஹென்னிக் பிராண்ட் என்னும் ஜெர்மானிய ரசவாதி கண்ட தனிமம் இருட்டில் மினுங்கியதால் அதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அது மினுங்குவது ஆக்சிஜனோடு வினைபுரிவதால்தான். பாஸ்பர் ஒளிரும் விதமே வேறு. வெள்ளை எல்இடியின் மஞ்சள் பூச்சில் பெரும்பாலும் இட்ரியம், அலுமினியம், ஆக்சிஜன், துளி சீரியம். பாஸ்பரஸ் மருந்துக்கும் கிடையாது. பழைய டியூப்லைட்டில் பூசிய ஹாலோபாஸ்பேட் என்னும் பாஸ்பரில் அது உண்டுதான். ஆனால் அங்கும் ஒளியை உமிழ்வது ஆன்டிமனியும் மாங்கனீசும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நின்றொளிர்பொருள்’ என்றால் எனக்கு ஒப்பவில்லை. நின்றொளிர்தல் (phosphorescence) அருமையான சொல். தூண்டும் ஒளி போன பிறகும் ஒளிர்வதை அப்படியே காட்டுகிறது. ஆனால் அது ஒரு நிகழ்வின் பெயர். எல்லா பாஸ்பரும் நின்று ஒளிர்வதில்லை. பழைய குழாய்த் தொலைக்காட்சியின் திரையில் பூசிய துத்தநாக சல்பைடு நொடிக்கணக்கில் நின்று ஒளிர்ந்திருந்தால், ஓடும் பந்துக்குப் பின்னால் வால் முளைத்திருக்கும். கடிகார முள்ளில் பூசும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டோ மணிக்கணக்கில் ஒளிர வேண்டும். இரண்டுக்கும் பொருந்துவது ‘ஒளிர்பொருள்’. வினைத்தொகை அல்லவா? ஒளிர்ந்த, ஒளிர்கின்ற, ஒளிரும் மூன்றையும் அடக்கிக்கொள்ளும். இப்படியொரு வசதி இலக்கணத்திலேயே இருக்க, நீட்டி முழக்குவானேன்? ‘ஒளிரி’ இன்னும் குட்டையானதுதான். ஆனால் அதைக் கேட்டால் பொருளா, விளக்கா என்று தெரியாது.

ஒளிர்பொருள் பிடிக்காதவர்கள் பாஸ்பர் என்றே எழுதட்டும், குறையில்லை. வாயில் வந்த பழகிய சொல்லைப் போட்டுவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர்களோடுதான் சண்டை. டியூப்லைட் உடைந்தால் ‘பாஸ்பரஸ் ஜாக்கிரதை’ என்று எச்சரிக்கிறார்கள். காற்றில் தானே தீப்பற்றும் வெள்ளை பாஸ்பரஸ் அதற்குள் இல்லை. அஞ்ச வேண்டிய பாதரச ஆவியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.