ஸ்டிக்மா: களங்கமா, வடுவா, பழிமுத்திரையா?

வெளிநாட்டில் கொஞ்ச காலம் வாழ்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் தானாகவே வந்துவிடும். அங்கே எங்கோ கத்திக்குத்து, கொலை என்று செய்தி வருகிறது. இறந்துபோனவரை நினைத்து நெஞ்சு பதறுவதற்கு முன்பே கண் கீழே ஓடிவிடும், குத்தியவன் பெயரைத் தேடி. 'நம்ம ஆளா இருந்துடக் கூடாதே.' அப்படி இருந்துவிட்டால், மறுநாள் வேலைக்குக் கிளம்பவே கால் தயங்கும். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் நாம் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது போலத் தோன்றும்.

யாரோ ஒருவன் செய்த குற்றம், அதே நாட்டிலிருந்து வந்த ஒரே காரணத்துக்காக நம் நெற்றியிலும் ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஒட்டிக்கொள்வதைத்தான் சமூகவியல் 'ஸ்டிக்மா' என்கிறது. தமிழில் இதைப் பெரும்பாலும் 'களங்கம்' என்று எழுதுகிறோம். அது சரியான சொல்தானா என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். ஸ்டிக்மா கிரேக்கச் சொல். அதன் வினை 'ஸ்டிஸைன்'. கூர்மையான ஒன்றால் குத்துவது, பச்சை குத்துவது என்று பொருள். ஸ்டிக்மா என்றால் அப்படிக் குத்தியதால் உண்டான புள்ளி, தழும்பு. பண்டைய கிரேக்கத்தில் தப்பியோடிப் பிடிபட்ட அடிமையின் நெற்றியில் இப்படிக் குத்துவது வழக்கம். பார்க்கிறவர்களுக்கு அவன் பெயர் தெரிய வேண்டியதில்லை, கதை தெரிய வேண்டியதில்லை. நெற்றியைப் பார்த்தால் போதும்.

கிமு 480இல் தெர்மாப்பிலைப் போரில் சரணடைந்த தீப்ஸ் நகர வீரர்களில் பெரும்பாலோருக்கு, தளபதி தொடங்கி, பாரசீக அரசன் செர்க்ஸெஸின் ஆணைப்படி 'அரச முத்திரை' குத்தப்பட்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அவர் அங்கே ஆளும் சொல் ஸ்டிக்மாவின் பன்மைதான். அப்போதே அது தனி ஒருவனின் அடையாளமாக இல்லாமல் ஒரு கூட்டத்தின் அடையாளமாகவும் ஆகியிருக்கிறது.

பிறகு இந்தச் சொல் பல திசைகளில் போனது. பைபிளில் பவுலடிகள் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் இதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். இயேசுவின் ஸ்டிக்மாக்களை என் உடலில் தாங்கியிருக்கிறேன் என்கிறார். பழைய தமிழ் வேதாகமம் அதை 'அச்சடையாளங்கள்' என்று பெயர்த்தது. எவ்வளவு கச்சிதமான சொல்! தாவரவியலில் பூவின் சூல்முடிக்கும் ஆங்கிலத்தில் ஸ்டிக்மா என்றுதான் பெயர். அதற்கும் நம் பேச்சுக்கும் தொடர்பில்லை என்பதால் விட்டுவிடலாம்.

இன்று நாம் புழங்கும் பொருளுக்கு வடிவம் கொடுத்தவர் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன். 1963இல் இதே பெயரில் ஒரு நூல் எழுதினார். ஸ்டிக்மாவை அவர் மூன்று வகையாகப் பிரித்தார். உடற்குறை பற்றியது ஒன்று. ஒருவரின் நடத்தை பற்றியது இன்னொன்று. மூன்றாவது இனம், நாடு, மதம் பற்றியது. முதல் இரண்டும் ஓர் ஆளோடு நிற்பவை. மூன்றாவது தலைமுறை வழியாக இறங்கும், குடும்பத்தில் எல்லார் மேலும் சமமாகப் படியும். கறைபட்டவருக்கு வேண்டியவராக இருப்பதாலேயே மற்றவருக்கும் கறை பரவும் என்பதையும் அவர் தனியாக எடுத்துப் பேசினார். வெளிநாட்டுக் குடியிருப்புகளில் நடப்பதெல்லாம் இந்த இடத்தில்தான் வருகிறது.

தமிழில் இதற்கு நேரான காட்சி ஒன்று பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. 'கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுவது'. கிரேக்கன் ஊசியால் குத்திய புள்ளியும் நாம் கருப்பிலும் சிவப்பிலும் வைத்த புள்ளியும் ஒன்றேதான். இரண்டிலும் வினைச்சொல் 'குத்து'. இன்றும் 'அவனுக்குத் திருடன்னு முத்திரை குத்திட்டாங்க' என்கிறோம். யாரோ ஒருவர் கை நீட்டிக் குத்துகிறார், வேறொருவர் அதை வாங்கிக்கொள்கிறார். இந்தக் கை தெரிய வேண்டும் என்பதுதான் என் முதல் நிபந்தனை.

களங்கத்தில் அந்தக் கை தெரியவில்லை. வடமொழியிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்குக் கறை என்று பொருள். நிலவின் களங்கம் என்றால் அது நிலவுக்கு உரியது, யாரும் போய் ஒட்டியதல்ல. 'அந்தச் சமூகத்துக்குக் களங்கம் ஏற்பட்டது' என்று எழுதும்போது, கறை அந்தச் சமூகத்திலேயே முளைத்தது போல ஆகிவிடுகிறது. 'மறு' நல்ல தமிழ்ச் சொல். ஆனால் அதற்கும் இதே சிக்கல். குடிப்பிறந்தாரின் குற்றம் வானத்து நிலவில் மறுவைப் போல உயரத் தெரியும் என்கிறது 957ஆம் குறள். செய்தவரின் குற்றம் செய்தவரிடமே தெரிகிறது. நாம் தேடுவது செய்யாதவர் மேல் தெரிகிற குற்றத்துக்கு ஒரு பெயர்.

'வடு' இன்னும் நெருங்கி வருகிறது. தீயினால் சுட்ட புண் உள்ளே ஆறிவிடும், நாவினால் சுட்ட வடு ஆறாது என்ற 129ஆம் குறளில் சுடுகிறவரும் இருக்கிறார், சுடப்பட்டவரும் இருக்கிறார். ஆனால் இன்று வடு என்றால் நமக்குத் தோன்றுவது உள்ளத்து வலி. ஊரார் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் என்ற பொருள் மங்கிவிட்டது.

அப்புறம் 'பழி'. எனக்குப் பிடித்தது இதுதான். பழி சுமத்துவோம், பழி போடுவோம், பழி ஏற்போம், பழி துடைப்போம். சுமத்துகிறவர், சுமக்கிறவர் இருவருமே இந்தச் சொல்லோடு கூட வருகிறார்கள். 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்று பழமொழியே இருக்கிறது. செய்தவன் ஒருவன், பேர் கெடுவது இன்னொருவனுக்கு. காஃப்மன் பக்கம் பக்கமாக விளக்கியதை நம் பாட்டிமார் நான்கு சொல்லில் முடித்துவிட்டார்கள்.

பழியோடு எதைச் சேர்ப்பது? 'பொறி' என்ற சொல்லை யோசித்துப் பார்த்தேன். புள்ளி, அடையாளம், முத்திரை, தீப்பொறி என்று எல்லாப் பொருளும் அதற்கு உண்டு. புலிப்பொறி, விற்பொறி என்று பழம்பாட்டில் வருவது இந்தப் பொறிதான். கிரேக்கச் சொல்லின் குத்தும் சூடும் இரண்டும் அதில் இருக்கின்றன. ஆனால் 'பழிப்பொறி' என்று எழுதினால் இன்றைய காதில் எலிப்பொறி போலத்தான் விழும். எனவே 'பழிமுத்திரை'. முத்திரை வடசொல் வழி வந்ததுதான். ஆனாலும் 'முத்திரை குத்துதல்' என்ற வழக்கு எல்லார் நாவிலும் இருக்கிறது, புதுச்சொல்லுக்கு அது பெரிய பலம். ஒருவர் செய்ததற்காக அவரைச் சார்ந்தவர்கள் மேல் பரவும் வகையைத் தனியே சொல்ல வேண்டுமானால் 'ஒட்டுப்பழி' என்னலாம்.

ஆனால் இந்தப் பழி, குறிப்பாக வெளிநாட்டவர் மேல், ஏன் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்கிறது? வெறுப்புதான் காரணம் என்று சொல்லிவிடலாம். வெறுப்பே இல்லாத இடத்திலும் அது ஒட்டும் என்று 1976இல் டேவிட் ஹாமில்டன், ராபர்ட் கிஃபர்ட் என்ற உளவியலாளர்கள் காட்டினார்கள். பெயரே இல்லாத இரண்டு குழுக்கள், அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் உள்ளவர்கள் செய்ததாக 39 செயல்களைப் படிக்கக் கொடுத்தார்கள். அ குழுவைப் பற்றி 26: நல்லவை 18, கெட்டவை 8. ஆ குழுவைப் பற்றி 13: நல்லவை 9, கெட்டவை 4. விகிதம் இரண்டிலும் அச்சு மாறாமல் ஒன்றே. ஆனால் படித்தவர்கள், கெட்ட செயல்களில் உண்மையில் இருந்ததைவிட அதிகமானவற்றைச் சிறிய குழுவின் தலையில் கட்டினார்கள். அந்தக் குழுவைப் பற்றிக் குறைவாகக் கேள்விப்படுகிறோம், கெட்ட செயலையும் குறைவாகவே கேள்விப்படுகிறோம். அரிதான இரண்டும் சேர்ந்து வந்தால் மனம் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

பெயர் கூட இல்லாத குழுவுக்கே இந்தக் கதி. தோல் நிறம், உச்சரிப்பு, உடை எல்லாம் தனியாகத் தெரிகிற சிறிய குடியிருப்பைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? அதிலும் கொலை, கொள்ளை போன்ற வன்குற்றங்கள் மறக்கவே முடியாதவை. உள்ளூர்க்காரர் கொலை செய்தால் செய்தியில் அவர் ஒரு பெயர், ஒரு வயது, ஒரு தொழில். வெளிநாட்டவர் செய்தால் முதல் வரியிலேயே நாடு வந்து நிற்கும். ஜெர்மனியின் பத்திரிகை நெறிமுறை இதைத் தனி விதியாகவே வைத்திருக்கிறது: நியாயமான பொதுநலன் இருந்தாலொழியக் குற்றம் சாட்டப்பட்டவரின் இனம், மதம் போன்ற பின்னணியைச் சொல்லக் கூடாது. எங்கே கோடு கிழிப்பது என்று அங்கும் கடும் வாதம் நடந்து, 2017இல் விதியின் சொற்களை மாற்றி எழுதினார்கள்.

குடியேறி வந்தவர்களே அதிகம் குற்றம் செய்கிறார்கள் என்ற பேச்சை அமெரிக்க அரசு அமைத்த ஆணையம் ஒன்று எடுத்து ஆராய்ந்து, மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால் உள்ளூரில் பிறந்தவர்களைவிட அவர்கள் செய்யும் குற்றம் குறைவு என்று 1931இலேயே எழுதிவைத்தது. பேச்சு நிற்கவில்லை. பழிமுத்திரை கணக்குப் பார்த்துக் குத்தப்படுவதல்ல என்பதால், கணக்கைக் காட்டி அழிக்கவும் முடியவில்லை.

அது எங்கே வரை போகும் என்பதற்கு அதே நாட்டில் ஒரு கொடிய சான்று உண்டு. 1890 அக்டோபரில் நியூ ஆர்லியன்ஸ் காவல்துறைத் தலைவர் டேவிட் ஹென்னஸி சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகம் இத்தாலியக் குடியேறிகள் மேல் விழுந்தது. விசாரணைக்கு நிறுத்தப்பட்ட 9 பேரில் ஒருவரைக்கூட ஜூரி குற்றவாளி என்று சொல்லவில்லை. மறுநாள், 1891 மார்ச் 14 அன்று, ஒரு பெருங்கூட்டம் சிறைக்குள் புகுந்து 11 பேரைக் கொன்றது. அவர்களில் விசாரணைக்கே வராதவர்களும் இருந்தார்கள். 2019இல்தான் அந்த நகரத்து மேயர் மன்னிப்புக் கேட்டார்.

நம் காப்பியத்திலும் இது இருக்கிறது. நாம்தான் அதிகம் பேசுவதில்லை. கோவலன் மேல் பொய்ப்பழி சுமத்தியவன் ஒரே ஒரு பொற்கொல்லன். ஆனால் கண்ணகியின் சினம் தணிய, கொற்கையிலிருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் பலியிட்டது ஆயிரம் பொற்கொல்லர்களை. சிலப்பதிகாரம் இதை ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகிறது. அந்த ஆயிரம் பேருக்காக யாரும் அழுததாக எழுதப்படவில்லை. பள்ளியில் 'தேரா மன்னா' என்று உருப்போட்ட எனக்கு, இந்த வரிகளைப் பின்னாளில் படித்தபோது வெகுநேரம் வேறெதுவும் ஓடவில்லை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. குற்றம் நடந்தது உண்மை, ஓர் உயிர் போனது உண்மை. பல நேரம் அந்த உயிரும் அதே குடியிருப்பைச் சேர்ந்ததாகவே இருக்கும். 'எங்கள் பேர் கெட்டுவிட்டதே' என்பதே அந்தச் சமூகத்தின் முதல் வாக்கியமாக வந்தால், கேட்கிறவர்களுக்கு உறுத்தத்தான் செய்யும். இறந்தவர் வீட்டு வாசலில் நிற்பது முதலில், பேர் பற்றிய பேச்சு பிறகு. செய்தவனை மறைப்பதும் கூடாது. பழிமுத்திரைக்கு அஞ்சி, வீட்டுக்குள் நடக்கும் அடிதடியைக் காவல்துறைக்குச் சொல்லாமல் மூடிவைக்கும் குடும்பங்கள் உண்டு, அதில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒட்டுப்பழி செய்யும் கேடுகளில் இதை மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

இனி வழக்கு. 'அந்தக் கொலையால் அங்குள்ள வெளிநாட்டவருக்குக் களங்கம் ஏற்பட்டது' என்பதற்குப் பதிலாக, 'அந்தக் கொலையைச் சாக்காக வைத்து அங்குள்ள வெளிநாட்டவர்மேல் பழிமுத்திரை குத்தினார்கள்' என்று எழுதிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் குத்தியவர் யாருமில்லை. இரண்டாவதில் 'குத்தினார்கள்' என்றதும் 'யார்?' என்று கேட்கத் தோன்றும். நோய், மனநலம் பற்றிய துண்டறிக்கைகளில் 'சமூகக் களங்கம்' என்று வருமிடத்திலும் இதைப் போடலாம், பொருள் இன்னும் தெளியும்.

வெளிநாட்டில் வாழ்கிறவரை ஆங்கிலத்தில் 'எக்ஸ்பாட்' என்கிறார்கள். தாய்நாட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு 'வெளியே' என்ற முன்னொட்டுச் சேர்ந்தது அது. நமக்குப் 'புலம்பெயர்ந்தோர்' இருக்கிறது, அதுவும் நேற்று உண்டாக்கிய சொல் அல்ல. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் எழுதுகிறார்: 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினி துறையும்'. பல மொழி பேசும், பழியில்லாத நாடுகளிலிருந்து வந்த மக்கள் கலந்து இனிதாக வாழும் பட்டினம். பழியும் புலம்பெயர்தலும் அடுத்தடுத்து நிற்கின்றன. வந்தவர்கள் ஒவ்வொருவரையும் அவர் விசாரித்திருக்க மாட்டார். அவர்கள் நாடுகளையெல்லாம் மொத்தமாகவே 'பழிதீர்' என்று எழுதிவிட்டார்.