லிவிங் டோனர் - உயிர்வாழ் கொடையாளர்

தாம் உயிரோடு இருக்கும்போதே தம் இரு சிறுநீரகங்களுள் ஒன்றையோ, கல்லீரலின் ஒரு பகுதியையோ பிறருக்கு அளிக்க முன்வருபவரை மருத்துவர்கள் ‘லிவிங் டோனர்’ என்கின்றனர். நோய் ஏதும் இல்லாதவர், தமக்கு மருத்துவப் பயன் எதுவும் கிடைக்காத பெரிய அறுவைக்கு உடன்படுகிறார் என்பதே இச்சொல்லின் தனித்தன்மை. தமிழில் இதற்கு வழங்கும் சொற்களுள் பாதி, இந்தத் தன்மையைச் சொல்லாமல் விடுகின்றன; ஒன்றிரண்டு அதற்கு நேர்மாறாகவே சொல்கின்றன.

முதலில் ‘டோனர்’. கொடையைக் குறிக்கும் ‘டோனும்’ என்ற இலத்தீன் சொல்லோடு பிறந்தது இது. வடமொழி ‘தான’மும் அதே தொல்வேரிலிருந்து கிளைத்ததுதான். ஆகவே ‘டோனர்’ என்பதை விலக்கிவிட்டு ‘உறுப்பு தானம் செய்பவர்’ என்று எழுதுவோர், அக்காளை அனுப்பிவிட்டுத் தங்கையை அழைத்துவருகிறார்கள். ‘தானம்’ இன்று எல்லோருக்கும் விளங்கும் சொல் என்பதால் அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அதனோடு புண்ணியம் என்ற எண்ணமும், பெறுபவர் ஒரு படி கீழே நிற்பதான தோற்றமும் சேர்ந்தே வருகின்றன. தமிழின் ‘கொடை’க்கு அந்தச் சுமை குறைவு. ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ ஆகிய மூன்றையும் தொல்காப்பியம் கேட்பவரின் நிலையை வைத்துப் பிரிக்கிறது: தாழ்ந்தவர் ‘ஈ’ என்பார், ஒத்தவர் ‘தா’ என்பார், உயர்ந்தவர் ‘கொடு’ என்பார். அந்தக் கணக்கில், தம்பிக்கு அக்காள் சிறுநீரகம் அளிப்பதற்கு மிகவும் பொருந்துவது ‘தா’ தான். எனினும் ‘கொடையாளர்’ நன்றாக வேரூன்றிவிட்டது, அதை அசைக்கத் தேவையில்லை. பெறுபவருக்கு, அஞ்சல் உறைகளில் பழகிய ‘பெறுநர்’ என்ற சொல் அப்படியே பொருந்துகிறது.

சிக்கல் ‘லிவிங்’ என்பதில் இருக்கிறது. ‘உயிர்க்கொடை’ என்று சுருக்கினால் உயிரையே கொடுத்துவிடுவதாகப் பொருள் வரும். நடக்கவே கூடாதது அதுதான். ‘உயிருள்ள கொடையாளர்’ என்பது, கொடையாளர் என்றாலே இறந்தவர் என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு பேசுவதுபோல ஒலிக்கிறது. ‘உயிருடன் இருக்கும் கொடையாளர்’ பிழையற்றது; ஆயினும் அறுவை நடக்கும் நாளோடு நின்றுவிடுகிறது. எனக்கு உகந்ததாகப் படுவது ‘உயிர்வாழ் கொடையாளர்’. ‘வளர்பிறை’யைப் போல இதுவும் வினைத்தொகை, உயிர்வாழ்ந்த, உயிர்வாழ்கின்ற, உயிர்வாழும் என மூன்று காலத்தையும் உள்ளடக்கும். கொடுத்த பின்னரும் அவர் நலமாக வாழ வேண்டும் என்பது மருத்துவ நெறியின் முதல் நிபந்தனை என்பதால், எதிர்காலத்தையும் தாங்கும் சொல்லே இங்கு வேண்டும்.

இந்த வகைக் கொடையின் வெற்றிகரமான வரலாறு 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் தொடங்குகிறது. அறுவை மருத்துவர் ஜோசப் மரே தலைமையிலான குழு, ரொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை அவருடைய ஒத்த இரட்டையரான ரிச்சர்டுக்குப் பொருத்தியது. ரிச்சர்ட் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்த ரொனால்ட் 2010 வரை வாழ்ந்தார். மரேக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது.

கொடையாளருக்கான பரிசோதனைகளும் மேற்சொன்ன நிபந்தனையை ஒட்டியே அமைகின்றன. இரத்தவகை, திசுப் பொருத்தம் ஆகியவை பெறுநருக்காக. 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேர்த்துத் தருவதும், இரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேனும் பெரிதும் கொடையாளருக்காக. இரு சிறுநீரகங்களும் ஒரே திறனில் இருந்தால், சிரை நீளமாக உள்ள இடப்பக்கத்தையே பெரும்பாலும் எடுப்பார்கள். ஒன்று சற்றுத் திறன் குறைந்ததாக இருந்தால் அதை எடுத்துக்கொண்டு, நல்லதைக் கொடையாளரிடமே விட்டுவிடுவார்கள். எஞ்சியது சற்றுப் பருத்துக் கூடுதல் வேலையை ஏற்கும். மொத்தத் திறன் பழைய அளவில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் நிலைகொள்ளும். கல்லீரலோ முதல் சில வாரங்களிலேயே வேகமாக வளர்ந்து, சில மாதங்களில் ஏறக்குறைய பழைய பருமனை எட்டும். ஆனால் அந்த அறுவையின் ஆபத்து சிறுநீரகக் கொடையைவிடக் கூடுதல். சிறுநீரகக் கொடையில் உயிரிழப்பு 10,000 பேரில் ஏறத்தாழ 3 பேர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

இதையெல்லாம் அறிந்த பின் தருவதே ‘இசைவு’. ‘சம்மதம்’ என்றாலும் தவறில்லை. ஆனால் ‘இசை’ என்ற வினையில் மனமும் சொல்லும் ஒத்துப்போகும் பொருள் இருக்கிறது. உறவினர் அனைவரையும் வெளியே அனுப்பிவிட்டு, கொடையாளரிடம் மட்டும் ஆலோசகர் தாழ்ந்த குரலில் சொல்லும் உறுதிமொழி ஒன்று உண்டு: “வேண்டாம் என்று தோன்றினால் இப்போதே சொல்லலாம், மயக்க மருந்து ஏறும் வரைக்கும் சொல்லலாம். ஏன் பின்வாங்கினீர்கள் என்று வெளியே யாருக்கும் தெரியாது.” அந்த உறுதிமொழி சொல்லப்படாத இடத்தில் கையெழுத்து இருக்கும், இசைவு இருக்காது.

‘டிரான்ஸ்பிளான்ட்’ என்பதன் நேர்ப்பொருள் ஓரிடத்திலிருந்து பறித்து மற்றோரிடத்தில் நடுவது, நாற்று நடவைப்போல. நாம் ‘மாற்று அறுவை’ என்கிறோம். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை நடவே சரியான படிமம். ஏனெனில் பெறுநரின் பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள்.

அறுவைக்கு முந்தைய ஆயத்தத்தில் சொற்சிக்கல் அதிகம் இல்லை. புகைபிடிப்பவர் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே விட்டுவிட வேண்டும். மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, திட உணவை மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரத்திற்கு முன்பும், தண்ணீரை இரண்டு மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்த வேண்டும். ‘வெறும் வயிறு’ என்ற பழைய சொல்லே இதற்குப் போதும். மூன்று சிறு பந்துகளை மூச்சிழுத்து மேலே எழுப்பும் பிளாஸ்டிக் கருவியை முன்கூட்டியே பழகிக்கொண்டவர்கள், தையல் வலிக்கும் மறுநாளில் ஆழ்ந்து மூச்சுவிடச் சிரமம் குறைவாகப் படுவார்கள்.

வீடு திரும்பிய பின்னும் அவர் கொடையாளரே. சிறுநீரகம் அளித்தவர் ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; வலி மாத்திரை எழுதும் எந்த மருத்துவரிடமும், தமக்கு இருப்பது ஒற்றைச் சிறுநீரகம் என்பதை மருந்துச்சீட்டு எழுதப்படுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.